காணாமல் போன பதிவு

2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டி நின்ற நாட்களில், ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்த பதினெட்டுச் செடிகளில் பதினான்கை நான் காப்பாற்றியிருந்தேன். அரிசி களைந்த தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், கோகோபீட் என்று கடைகளில் விற்கும் தென்னை நார்க் கழிவு ஆகிய மூன்றும்தான் என் மூலதனம். அந்த அனுபவத்தை நாலு பேருக்குச் சொல்லவேண்டும் என்ற ஆசையில், மாடித்தோட்டக்காரர்கள் கூடும் ஓர் இணையக் குழுமத்துக்காக இரண்டு இரவுகள் உட்கார்ந்து நீண்ட பதிவு ஒன்றை எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இட்டேன். பால் வாங்கப் போய்த் திரும்பி, காபி குடித்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்தபோது பதிவைக் காணவில்லை.

முதலில் என் கைப்பேசியைச் சந்தேகித்தேன். பிறகு இணைய இணைப்பைச் சந்தேகித்தேன். இரண்டும் சரியாக இருப்பது தெரிந்ததும் மனிதர்களைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அந்தக் குழுமத்தின் அட்மின்களில் ஒருவர் செடி விற்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். காசு செலவில்லாமல் செடி வளர்க்க நான் வழி சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். முந்தைய வாரம் வேறொருவர் போட்ட ரோஜாப் படத்துக்குக் கீழே, அது கடையில் வாங்கிய ரோஜா போல் இருக்கிறதே என்று நான் எழுதியிருந்தேன். அவர் அட்மினின் உறவினராக இருக்கலாம். நான் குழுமத்துக்குப் புதியவன் என்பதால், பழைய ஆட்கள் சேர்ந்துகொண்டு என்னை ஓரங்கட்டுகிறார்கள் என்றும் தோன்றியது. இட்லி ஆறும் வரை இந்த ஆராய்ச்சி நீண்டது. என் பதிவில் ஏதேனும் பிழை இருக்கக்கூடும் என்பது மட்டும் அன்று முழுவதும் என் புத்திக்கு எட்டவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பிறகு, அதே குழுமத்தில் ஆள் போதவில்லை என்று கேட்டபோது நானும் மட்டுறுத்துநர்களில், அதாவது பதிவுகளைப் பார்த்து அனுமதிக்கவும் நீக்கவும் செய்யும் அட்மின்களில், ஒருவனாகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாள் செய்த முதல் வேலை, நீக்கிய பதிவுகளைப் பற்றி அவர்கள் வைத்திருந்த குறிப்பேட்டில் என் பெயரைத் தேடியதுதான். சதித்திட்டம் எதுவும் அங்கே இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது: ‘போன் நம்பர். விளம்பரம்?’ அந்தக் கேள்விக்குறியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பதிவின் கடைசியில், பம்மல் பக்கம் மலிவாகக் கோகோபீட் கட்டி தரும் ஒருவரின் எண்ணைக் கொடுத்திருந்தேன். பார்த்தவருக்கே அது விளம்பரம்தானா என்பது உறுதியாகத் தெரியவில்லை. தெரியாத நிலையில் நீக்கிவிட்டு, அடுத்த பதிவுக்குப் போய்விட்டார். அவருக்கு அது அரை நிமிட வேலை. எனக்கு அது இரண்டு இரவுகள். பதிவு நீக்கம் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கணக்குகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில்தான் விழுகின்றன என்பது, பின்னர் நானே நீக்குகிறவனான பிறகு புரிந்தது.

எழுதுகிறவர் தன் பதிவை ஒற்றைப் பொருளாகப் பார்க்கிறார். மட்டுறுத்துபவருக்கு அது வரிசையில் வரும் ஒன்று. காலையில் கண் விழித்து அந்த வரிசையைத் திறந்தால், இரவில் வந்து சேர்ந்தவை நாற்பதோ ஐம்பதோ காத்திருக்கும். அவற்றில் பாதி, சூரியகாந்திப் பூவின் மீது எழுதிய காலை வணக்கம். மீதியில் சில, வீட்டிலிருந்தே நாளொன்றுக்கு மூவாயிரம் சம்பாதிக்கலாம் என்பவை. அவற்றுக்கு நடுவில் கத்தரிச் செடி வாடுகிறது என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டிருப்பார். சம்பளம் இல்லாத வேலை இது. அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு, பல் துலக்கிக்கொண்டே செய்யப்படும் வேலை. கை வேகமாக நகரும்போது கண் முழுவதையும் படிப்பதில்லை, அடையாளங்களைத்தான் தேடுகிறது. பத்து இலக்க எண் ஓர் அடையாளம். இணைப்பு ஓர் அடையாளம். நேற்றுத் திறந்த கணக்கு இன்னோர் அடையாளம்.

இந்த அடையாளங்கள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1978-ஆம் ஆண்டு மே மாதம், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, இணையத்தின் முன்னோடியான அன்றைய ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். கேட்காமல் வந்து விழும் மின்னஞ்சல் விளம்பரத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம் என்ற ஒரே விளம்பரத்தை யூஸ்நெட் என்ற அன்றைய இணைய விவாத வலையமைப்பின் ஆயிரக்கணக்கான குழுக்களில், எந்தக் குழு எதைப் பேசுகிறது என்று பாராமல் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, நார்வே நாட்டு நிரலாளர் ஒருவர் அவர்களுடைய பதிவுகளைத் தேடித்தேடி நீக்கும் நிரலையே எழுதினார். ஆள் பார்க்காமல் இயந்திரம் நீக்கும் பழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி. அன்று மக்களுக்குக் கோபம் வந்தது கிரீன் கார்டின் மீது அல்ல. செடி பேசும் இடத்திலும் செஸ் பேசும் இடத்திலும் ஒரே காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனதுதான் அவர்களைச் சினமூட்டியது. நம் ஊரில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதிய சுவரிலேயே அந்த எழுத்தை மறைத்து நோட்டீஸ் ஒட்டுவார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டும் நம் சுவர்கள் எப்படி இருக்கின்றன என்பதை, மேம்பாலத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இணையத்தில் அந்தச் சுவருக்கு ஓர் ஆள் உட்கார்ந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டே இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், நல்ல மனிதர் அவசரத்தில் செய்யும் காரியமும் விளம்பரக்காரர் திட்டமிட்டுச் செய்யும் காரியமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேளச்சேரியில் ஒரு பெண்ணின் நாய்க்குட்டி காணாமல் போகிறது. அவர் அன்றைக்கே கணக்கு திறக்கிறார், கண்ணில் பட்ட பத்துக் குழுமங்களில் சேருகிறார், ஒரே வாசகத்தை, ஒரே படத்தை, ஒரே எண்ணைப் பத்திலும் போடுகிறார். புதிய கணக்கு, குறுகிய நேரம், ஒரே வாசகம், தொலைபேசி எண் என்று எல்லாப் பொருத்தமும் அமைந்துவிடுகின்றன. தளத்தின் இயந்திரம் பத்தில் ஏழை விழுங்கிவிடும். அவர் மனத்தில் எஞ்சுவது, இந்த ஊரில் மனிதாபிமானமே இல்லை என்ற எண்ணம்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாய்க்குட்டி தொலைந்த நேரத்தில் எவரும் குழும விதிகளைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் குழுமத்தில் கெட்ட வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்த எழுத்துகள் வந்தால் பதிவு தானாகவே மறைந்துவிடும். ஒருமுறை திருச்சிக்கு அருகில் உள்ள திருவெள்ளறைக் கோயிலுக்குப் போய்வந்த அம்மையார் ஒருவர், அங்கு பார்த்த தாமரையைப் பற்றி மிகுந்த பக்தியோடு எழுதியிருந்தார். பதிவு வெளியாகவே இல்லை. மூன்று முறை முயன்றுவிட்டு, “நான் என்ன தப்பா எழுதிட்டேன் தம்பி?” என்று எனக்கு எழுதினார். அந்தக் கோயிலின் பெருமாள் பெயர் புண்டரீகாட்சன். தாமரைக் கண்ணன் என்று பொருள். அந்தத் திருநாமத்தின் முதல் மூன்று எழுத்துகள் எங்கள் பட்டியலில் என்னவாக இருந்தன என்பதை அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. ஏதோ தொழில்நுட்பக் கோளாறு அம்மா என்று சொல்லிவிட்டு, இரவோடு இரவாகப் பட்டியலைத் திருத்தினேன். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1996-ல் அந்த ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஓர் ஆபாசச் சொல் ஒளிந்திருந்ததே காரணம். அந்தப் பிழைக்கு இன்றும் அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு நாம் பெருமாள் பெயரை வைக்கலாம் போலிருக்கிறது. விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நீளும் நம் மொழியில் இந்த ஆபத்து கூடுதல். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களோ ஒரு வசவை ஆறு விதமாக எழுதிப் பட்டியலைத் தாண்டிவிடுகிறார்கள். ஆக, வசவு தப்பித்துப் போகிறது, பெருமாள் மாட்டிக்கொள்கிறார்.

தொலைபேசி எண்ணுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் நான் தண்டிக்கப்பட்டதும் அதற்காகத்தான், இப்போது நான் மிகக் கண்டிப்பாக இருப்பதும் அதில்தான். 2015 டிசம்பர் முதல் தேதியன்று பெய்த மழையைச் சென்னைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வாரத்தில் சமூக வலைத்தளங்கள் செய்த உதவி பெரிது. படகு வேண்டும், பால் பவுடர் வேண்டும், எங்கள் வீட்டு மாடியில் பத்துப் பேர் தங்கலாம் என்று எண்களோடு வந்த செய்திகளால் பலர் பிழைத்தார்கள். ஆனால் செய்திக்குக் காலாவதித் தேதி கிடையாது. முதல் தேதி இரவு படகு கேட்டவர் இரண்டாம் தேதி காலையில் மீட்கப்பட்டிருப்பார்; அவர் பெயரில் ஐந்தாம் தேதியும் படகு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில்தான், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து வெள்ளத்தில் நீந்துகின்றன என்ற வதந்தியும் ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள அந்தப் பண்ணை, எங்கள் முதலைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று மறுக்கவேண்டியிருந்தது. முதலை பொய் என்பது நான்கு நாளில் தெரிந்துவிட்டது. பழைய உண்மை எப்போது பொய்யாக மாறுகிறது என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை.

ரத்தம் கேட்டு வரும் செய்திகளில் இது இன்னும் கொடுமை. சில ஆண்டுகளுக்கு முன் ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை என்று ஒரு செய்தி வந்தது. என் நண்பருக்கு அந்த வகை. அவர் கிளம்பத் தயாராக இருந்ததால் நான் அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். “சார், எங்க அப்பா தவறி மூணு வருஷம் ஆகுது. இன்னமும் வாரத்துக்கு ஒரு போனாவது வந்துகிட்டேதான் இருக்கு. பரவாயில்ல, நல்ல மனசோடதான கூப்பிடுறீங்க” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து, எங்கள் குழுமத்தில் எண்ணோடு வரும் எந்த வேண்டுகோளும், தேதி குறிக்கப்படாவிட்டால், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நிற்பதில்லை. ஒரு பதிவு நீக்கப்படுவதற்கு அது பொய்யாக இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை, பழையதாகிவிட்டால் போதும்.

சட்டத்துக்குப் பயந்து நீக்குவது வேறு வகை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லாத இடம் ஒன்று உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் படத்தைப் போட்டு, ‘இந்தத் தங்கத்துக்கு நீதி வேண்டும்’ என்று எழுதுவார்கள். எழுதுபவரின் கோபம் உண்மையானது. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்கிறது. வயது வந்தவர்களின் விஷயத்திலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, இதையே சொல்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, தன் பெயரைத் தானே தேடிப் பார்க்கும் ஒரு நாள் வரும். அந்த நாளுக்காகத்தான் அப்பதிவு நீக்கப்படுகிறது. நீதிக்கு எதிரானவர்கள் என்று எங்களைத் திட்டிவிட்டு வெளியேறியவர்கள் உண்டு, போகட்டும்.

மற்ற இடங்களில் அவ்வளவு தெளிவு கிடையாது. ஒரு கடைக்காரர் முளைக்காத விதையை விற்றுவிட்டார் என்று கடையின் பெயர், அவர் படம் எல்லாவற்றையும் போட்டு ‘திருடன்’ என்று ஒருவர் எழுதினால், அது அவதூறா, வாடிக்கையாளரின் நியாயமான புகாரா? விதை முளைக்கவில்லை என்பது அனுபவம். திருடன் என்பது குற்றச்சாட்டு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுக்கலாம், ஆனால் ஒரு பதிவில் ஒரு சொல்லை மட்டும் பிடுங்கும் வசதி எங்கள் கையில் இல்லை. இருப்பது இரண்டே பொத்தான்கள்: விடு, எடு. 

அட்மினின் பயத்துக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. 1995-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிராடிஜி என்ற இணையச் சேவை தன் தளத்தில் வந்த பதிவுகளை வடிகட்டியதால்தான் அது பதிப்பாளர் ஆகிறது, எனவே அவதூறுக்கு அதைப் பொறுப்பாக்கலாம் என்றது. எதையும் தொட்டுப் பார்க்காத காம்பூசர்வ் நிறுவனமோ 1991-ல் தப்பித்திருந்தது. வாசலைப் பெருக்கியவனுக்கு அபராதம், பெருக்காதவனுக்கு விடுதலை என்பது போன்ற அந்த நிலையை மாற்றத்தான் 1996-ல் அமெரிக்காவில், பிறர் இடும் பதிவுகளுக்குத் தளத்தைப் பொறுப்பாக்காத 230-ஆம் பிரிவு வந்தது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தளங்களுக்கு நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பைத் தருகிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்த பிறகும் நீக்காமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு போகும் என்று 2015 மார்ச் 24-ஆம் தேதி ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66-ஏ பிரிவை ரத்து செய்த தீர்ப்பு என்றே அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் இந்தப் பாதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. வாட்ஸ்அப் குழு நடத்துபவர்களைப் பொறுத்தவரை, ஒருவர் வெறும் அட்மினாக மட்டுமே இருந்து வேறெதுவும் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அட்மினுக்கு வேறு அதிகாரம் இல்லை என்பதும் அக்காலத்து வாதங்களில் ஒன்று. 2022-ல் பிறருடைய செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி அட்மினுக்கு வந்தது. முன்பு ‘என்னால் முடியாது’ என்று சொன்னவர்கள் இனிமேல் அப்படிச் சொல்ல இயலாது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவின் செயலாளர் அன்றிலிருந்து, தீபாவளிப் பட்டாசு பற்றிய சண்டையைக்கூட உடனுக்குடன் அழித்துவிடுகிறார். சட்டம் அவரிடம் அவ்வளவைக் கேட்கவில்லை. பயம் சட்டத்தைவிட எப்போதும் இரண்டடி முன்னால் நடக்கும்.

இதுவரை நீக்குகிறவர் பக்கம் நின்று நிறையப் பேசிவிட்டேன். நான் செய்த ஒரு நீக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும்.

ஒருநாள் ஒரு பெண், மாடியில் வைத்த கத்தரியில் காய்ப்புழு விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். கீழே ஒரு பெரியவர், மோனோகுரோட்டோபாஸ் மருந்தை இத்தனை லிட்டருக்கு இத்தனை மில்லி என்று கலந்து அடியுங்கள், மூன்றே நாளில் புழு இருக்காது என்று பதில் சொல்லியிருந்தார். காய்கறிகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது நம் நாட்டில் 2005-லேயே தடை செய்யப்பட்டது. 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது இதே நஞ்சு கலந்ததால்தான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதிலை நீக்கினேன், அடுத்த பதிவுக்குப் போனேன், அலுவலகத்துக்குக் கிளம்பினேன். சரியான வேலையைச் செய்த நிம்மதிகூட இருந்தது.

மாலையில் அந்தப் பெரியவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். முப்பது வருடம் விவசாயம் பார்த்துவிட்டு, இப்போது மேடவாக்கத்தில் மகன் வீட்டில் இருப்பவர். “தம்பி, நான் பொய் சொல்லலையே. எங்க வயல்ல அடிச்சோம், பூச்சி செத்துதே. அப்புறம் ஏன் எடுத்தீங்க?” என்று கேட்டிருந்தார். எழுத்தில் சொன்னால் சரிவராது என்று அவரை அழைத்துப் பேசினேன். தடையைப் பற்றியும், மாடியில் அடித்தால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரை அது போகும் என்பதையும், பீகார்க் குழந்தைகளைப் பற்றியும் சொன்னேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இது எனக்குத் தெரியாது தம்பி. நீங்க எடுத்தது சரிதான். ஆனா இதை அங்கேயே எழுதியிருக்கலாமே? அந்தப் பொண்ணு நான் சொன்னதைப் படிச்சிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தா?” என்றார்.

எனக்குப் பகீரென்றது. நான் நீக்கியது பதிலை மட்டும்தான். அதைப் படித்தவர் மனத்திலிருந்து அதை நீக்க என்னிடம் பொத்தான் இல்லை. நஞ்சின் பெயர் போய்விட்டது, அது நஞ்சு என்ற செய்தியும் சேர்ந்து போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு உடனே எழுதினேன். நல்லவேளை, அவர் கடைக்குப் போயிருக்கவில்லை. அவருடைய மாமியார் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து கொடுத்திருந்தார். ஆனால் அன்று நான் நீக்கிய முறையில், எனக்குக் கேள்விக்குறியோடு குறிப்பெழுதிய அந்த முகம் தெரியாத அட்மினுக்கும் எனக்கும் ஒரு வேறுபாடும் இருக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு உறுதியான ஒரு கருத்து ஏற்பட்டது. எதை நீக்கலாம், எதை விடலாம் என்பதில் நூறு விதமாக வாதாடலாம். காரணம் சொல்லாமல் நீக்குவதற்கு மட்டும் வாதமே கிடையாது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே, 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்கள் தாமாக ஒன்றை நீக்கும்போது, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பதை எழுதியவருக்கு முன்னதாகத் தெரிவித்து, அவர் மறுத்துப் பேச வாய்ப்பும் தரவேண்டும் என்று இருக்கிறது. அது நிறுவனங்களுக்கான விதி. பல் துலக்கிக்கொண்டே பொத்தானை அழுத்தும் என் போன்றவர்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் பணிபுரிவோரும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்தான். அங்கே ஒரு கட்டுரை நீக்கப்பட்டால் நீக்கியவரின் பயனர் பெயர், நேரம், காரணம் மூன்றும் நீக்கல் பதிவில் எவரும் பார்க்கும்படி நிற்கின்றன. காரணம் ஒரே வரியாக இருக்கலாம், சில சமயம் அந்த வரியோடு நமக்கு உடன்பாடு இல்லாமலும் இருக்கலாம். சண்டை போடுவதற்காவது ஒரு வரி இருக்கிறதல்லவா?

எங்கள் குழுமத்தில் இதை முன்வைத்தபோது மற்ற மூன்று அட்மின்களும் எதிர்த்தார்கள். காரணம் சொன்னால் விளம்பரக்காரன் அதைப் படித்துவிட்டு அடுத்த முறை அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு வருவான் என்றார் ஒருவர்; அது உண்மைதான். நேரம் இல்லை என்றார் இன்னொருவர், அதுவும் உண்மை. கடைசியில், மூவாயிரம் சம்பாதிக்கச் சொல்பவர்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை, குழும உறுப்பினர் என்று கண்டால் தயார் செய்து வைத்திருக்கும் ஏழெட்டு வரிகளில் பொருந்தும் ஒன்றை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. ‘வணக்கம். உங்கள் பதிவில் தொலைபேசி எண் இருந்ததால் எடுத்திருக்கிறோம். எண்ணை நீக்கிவிட்டு மீண்டும் இடலாம்’ என்பது அவற்றில் ஒன்று. இதை எழுதியது நான்தான் என்பதைச் சொல்லாமலே ஊகித்திருப்பீர்கள்.

பதிவு போனவர்களுக்கும் இரண்டொரு வார்த்தை சொல்லலாம். முதலில், நீளமாக எழுதுவதாக இருந்தால் வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். என் இரண்டு இரவுகளின் உழைப்புக்குப் பிரதி இல்லை. பதிவைக் காணாவிட்டால் உடனே மறுபடியும் போடாதீர்கள். கோபத்தில் மூன்று முறை போட்டால் இயந்திரத்தின் கண்ணுக்கு நீங்களும் அரிசோனா வழக்கறிஞராகிவிடுவீர்கள். அட்மினுக்குத் தனியாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். நீக்கியது அட்மின் அல்ல, தளமே என்றால், குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவரை அவர்கள் வைத்திருக்கவேண்டும். அவரும் கைவிட்டால் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய, 2022-ல் செய்த திருத்தத்தின்படி மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. ரோஜாப் படத்துக்காக அவ்வளவு தூரம் போகவேண்டாம். பிழைப்பே அந்தக் கணக்கில் இருக்கிறது என்றால் போகலாம்.

போன மாதம், பள்ளிக்கரணையிலிருந்து ஓர் அம்மா எழுதிய பதிவு காலை வரிசையில் இருந்தது. கோடையில் செடிகளைக் காப்பாற்றிய கதை, ஏசித் தண்ணீர், கோகோபீட், எல்லாம் என் பழைய பதிவை அப்படியே படிப்பது போல இருந்தது. கடைசியில் பத்து இலக்க எண். தயார் வரியை அனுப்பாமல் நானே எழுதினேன்: “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா. அந்த நம்பரை மட்டும் எடுத்துட்டுப் போடுங்க.” ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “நம்பர் இல்லாம எப்படிங்க வாங்குவாங்க?” கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். அவர் எண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் இட்டார். நான் அனுமதித்துவிட்டு மாடிக்குப் போனேன். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால், கீழே முப்பது பேர் ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து அந்த அம்மா ஒரே பதிலாக எழுதியிருந்தார்: “தொண்ணூத்தெட்டு, நாப்பது, அறுபத்தி…” எழுத்தாலேயே முழு எண்ணும் இருந்தது. இயந்திரம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும் கைப்பேசியை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.